எழுதப்படாத சொதி

மார்செய் துறைமுகத்து மீனவர், சந்தையில் விலைபோகாத முள் மிகுந்த பாறை மீன்களைக் காய்ச்சி உண்டனர். அவ்வேழையுணவே பிரெஞ்சு நாட்டின் புகழ்பெற்ற 'புய்யாபேஸ்' என்னும் மீன் குழம்பாயிற்று. அமெரிக்காவினின்று வந்த தக்காளியும் பின்னர் அதிற் கலந்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, உன்னிச்சைக் குளத்தை அண்டிய ஊர்களில் எளியோர் அடுப்பிற் கொதிப்பது மீன் சொதி. தேங்காய்ப் பாலோடும் மஞ்சளோடும் அதிற் சேரும் பச்சை மிளகாயும் அமெரிக்கப் பயிரே. போர்த்துக்கேயர் கீழை நாடுகளுக்குக் கொணர்ந்தது. தேசிக்காய்ப் புளியை இறக்கிய பின்னரே விடுவர். கொதிக்கையில் விட்டாற் பால் திரைந்துவிடும்.

1980ஆம் ஆண்டில் மார்செய் உணவகத்தார் சிலர், தம் குழம்புக்குரிய மீன்களையும் முறையையும் சாசனமாக எழுதிவைத்தனர். சொதியின் பக்குவமோ பெரும்பாலும் பாட்டிமார் கையளவிலேயே வாழ்கின்றது. எழுத்தில் ஏறாவிடின் அவர்களோடு அதுவும் மறையும். வீட்டுக்கொருவர் கேட்டெழுதிவைத்தல் நன்று.