மோகனசுந்தரத்தின் நோயும் எம்.ஆர். ராதாவின் குரலும்

(லிட்கமில் நடந்த இலக்கியச் சந்திப்பில் பேசி, நேரலையில் ஒளிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

 

நடிகவேள் எம்.ஆர். ராதாவைப் பற்றிப் பேசப்போகிறேன். அவருடைய நாடகங்களைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் 1967இல் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் செவிலியர். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்துதான் நான் பேச முடியும். ராதாவின் புகழுக்கு நடுவில் ஒரு நோய் இருக்கிறது. அவருக்கு வந்த நோய் அல்ல, அவர் மேடையிலும் திரையிலும் நடித்துக் காட்டிய நோய். 'ரத்தக்கண்ணீர்' மோகனசுந்தரத்துக்கு வந்த தொழுநோய்.

முதலில் ஆளைப் பார்ப்போம். ராதா 1907இல் சென்னையில் பிறந்தவர். அப்பா ராஜகோபால் நாயுடு ராணுவத்தில் இருந்து முதல் உலகப் போரில் இறந்துபோனார். பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீன் கேட்டு அம்மா தர மறுத்ததால் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனதாகவும், எழும்பூர் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கப்போய் ஒரு நாடகக்காரர் கையில் சிக்கியதாகவும் ஒரு கதை உண்டு. அந்தக் கதை எவ்வளவு உண்மையோ, அவர் வளர்ந்தது நாடகக் கம்பெனிகளில் என்பது உண்மை. பாய்ஸ் கம்பெனி என்று அப்போது சொல்வார்கள். சின்னப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, சோறு போட்டு, பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து, ஊர் ஊராகக் கொண்டுபோன கம்பெனிகள். தமிழ் சினிமாவின் முதல் இரண்டு தலைமுறை நடிகர்களில் பெரும்பாலானோர் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

1937இல் 'ராஜசேகரன்' என்ற படத்தில் சினிமாவுக்கு வந்தார். தொடர்ந்து சில படங்களில் நடித்தார். சினிமா அவரை அப்போது பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவரும் சினிமாவை விட்டுவிட்டு மேடைக்கே திரும்பிவிட்டார். 1940களில் அவர் பெயர் ஊர் ஊராகப் பரவியது மேடையால்தான். பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளை மேடைக்குக் கொண்டுபோனார். எழுதிக் கொடுத்த வசனத்தோடு நிற்கமாட்டார். அன்று காலைப் பத்திரிகையில் வந்த செய்தி அன்று இரவு நாடகத்தில் வந்துவிடும். எதிர்ப்பும் கல்வீச்சும் அவருக்குப் பழக்கமாகிவிட்டன. ராமாயணத்தை வைத்து அவர் போட்ட நாடகம் பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. மனம் புண்படுகிறவர்கள் வரவேண்டாம், அவர்கள் காசும் வேண்டாம் என்ற பொருளில் விளம்பரமே கொடுத்தார். சென்னை மாகாண அரசு 1954இல் நாடகங்களைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவந்தபோது, ராதாவை மனதில் வைத்துத்தான் அது வந்தது என்று பேசப்பட்டது. அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2013இல்தான்.

அதே 1954இல்தான் 'ரத்தக்கண்ணீர்' படம் வந்தது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, ராதா பல ஆண்டுகள் மேடையில் நடித்துவந்த நாடகம் அது. 'பராசக்தி'யை எடுத்த அதே நேஷனல் பிக்சர்ஸ், அதே இயக்குநர்கள் கிருஷ்ணன் – பஞ்சு. கதை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பும் பணக்காரன் மோகனசுந்தரம். ஊரும் பிடிக்காது, வீடும் பிடிக்காது, கட்டிவைத்த மனைவி சந்திராவையும் பிடிக்காது. காந்தாவிடம் போகிறான். சொத்து கரைகிறது. தொழுநோய் வருகிறது. காந்தா விரட்டிவிடுகிறாள். பார்வையும் போய், பிச்சை எடுத்துத் திரிகிறான். கடைசியில் நண்பன் பாலுவைச் சந்திராவுக்கு மணமுடித்து வைக்கிறான். நோய் பிடித்த தன் உருவத்தை ஊருக்குப் பாடமாகச் சிலை வைக்கச் சொல்லிவிட்டுச் சாகிறான்.

செவிலியராக எனக்கு உறுத்துவது இந்தச் சிலைதான். அது ஊருக்குச் சொல்லும் பாடம் என்ன? கெட்டவழியில் போனால் இந்த நோய் வரும் என்பது. அப்படியானால், இந்த நோய் வந்தவன் கெட்டவழியில் போனவன் என்பதும் அதற்குள் இருக்கிறது.

மருத்துவம் என்ன சொல்கிறது? தொழுநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. நார்வே மருத்துவர் ஹான்சன் 1873இலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார். சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்டகாலம் நெருங்கிப் பழகும்போது, மூக்கு வாய் வழியாக வரும் நுண்துளிகளால் பரவுகிறது. பாலுறவால் பரவும் நோய் அல்ல. பரம்பரை நோயும் அல்ல. மனிதர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து வருடம் ஆகும், இருபது வருடம்கூட ஆகலாம். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று நோயாளிக்கே தெரியாது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

படம் வந்த காலத்தில் இதெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. அதே தமிழ்நாட்டில், அதே வருடங்களில் நடந்தவற்றைக் கேளுங்கள். செங்கல்பட்டில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940களின் பிற்பாதியில் டாப்சோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நோய் மருந்துக்குக் கட்டுப்பட ஆரம்பித்திருந்தது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். சில ஆண்டுகளிலேயே, மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். விரல்கள் அழுகி விழுவதாகத்தான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும்தான் விரல் போகிறது என்று அவர் காட்டினார். கரிகிரி ஆய்வு மையம் 1955இல் வந்தது. ஒரு பக்கம் வேலூரில் மடங்கிய கையை நிமிர்த்துகிறார்கள். இன்னொரு பக்கம் அந்த மடங்கிய கையைக் காட்டித்தான் ஊர் ஊராக எச்சரிக்கை நடக்கிறது.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ராதாவின் கொள்கைதான். தலையெழுத்து, முன்வினை, சாமி குத்தம் எல்லாவற்றையும் மேடையில் ஏறி நின்று கிழித்தவர் அவர். நோய் என்பது தண்டனை என்ற எண்ணமும் அந்த வரிசையில் உள்ளதுதானே? கடவுளை நாடகத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் கடவுள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன நாற்காலியை அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் தொழுநோய் வந்து உட்கார்ந்துகொண்டது. என் மதத்துக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று இயேசு பதில் சொல்கிறார். யோவான் சுவிசேஷத்தில் இருக்கிறது. அதை வாசித்துவிட்டு வந்து, மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரிடம் நீ என்ன பாவம் செய்தாய் என்று கேட்கிற கிறிஸ்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்தர்களுக்கும் பகுத்தறிவாளர்களுக்கும் பொதுவாக இருக்கும் பழக்கம் இது.

பயிற்சிக் காலத்தில், தென்தமிழ்நாட்டில் ஒரு தொழுநோய்ப் பிரிவில் சில வாரங்கள் வேலை பார்த்தேன். அங்கே ஒரு பெரியவர் புண்ணுக்குக் கட்டுப்போட வருவார். நோய் குணமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. உணர்ச்சி போன கால்தான் மிச்சம். ஒருநாள் கட்டுப்போடும்போது சொன்னார்: “படம் வந்த பிறகு ஊர்ல எனக்குப் பேரே மோகன்னு ஆயிடுச்சு சிஸ்டர். எனக்கு இது பதினாலு வயசுல வந்தது. நான் எந்தக் காந்தாவைக் கண்டேன்?” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, “நாலு தடவை பாத்திருக்கேன், நல்ல படம்” என்றார்.

தன் பெயரையே பறித்த படத்தை ஒரு மனிதர் ஏன் நாலு முறை பார்க்கவேண்டும்? இந்தப் பேச்சுக்காகப் படத்தை மறுபடி பார்த்தபோது எனக்கு ஒரு பதில் தோன்றியது.

முதல் பாதியில் மோகன் கோட்டும் சூட்டுமாக எல்லாரையும் ஏளனம் செய்கிறான். அவனுக்குக் காசு இருக்கிறது, அதனால் பேசுகிறான். நாம் அவனை ரசிக்கிறோம், ஆனால் அவன் பக்கம் இல்லை. இரண்டாம் பாதியில் அவனுக்கு ஒன்றுமே இல்லை. முகம் புடைத்திருக்கிறது, உடம்பு சாய்ந்திருக்கிறது, எல்லாரும் விலகிப் போகிறார்கள். வாய் மட்டும் அடங்கவில்லை. அந்த நிலையில்தான் ராதா படத்திலேயே புத்திசாலியான மனிதனாக மாறுகிறார். நல்லவர்கள், பெரிய மனிதர்கள் எல்லாரையும் கிண்டல் செய்கிறார். நாம் சிரிக்கிறோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? நோயாளியைப் பார்த்து அல்ல. அவனோடு சேர்ந்து, அவனை விரட்டுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். தொழுநோயாளி என்றால் நம் கதைகளில் ஒன்று கையேந்துவார், அல்லது அற்புதத்தில் குணமாவார். எதிர்த்துப் பேசுகிற, நக்கல் அடிக்கிற, கடைசிவரை சுயமரியாதையை விடாத ஒரு தொழுநோயாளியைத் தமிழர்களுக்குக் காட்டியவர் ராதா. கதை மோகனைத் தண்டித்து முடிக்கிறது. நடிப்பு அவனைத் தோற்க விடவில்லை.

அந்தக் குரலைக் கவனியுங்கள். கீச்சென்று மேலே போகும், சட்டென்று தொண்டைக்குள் இறங்கிக் கரகரக்கும். தொழுநோய் முற்றினால் குரல்வளையையும் தாக்கும், குரல் கட்டிப்போகும். அவர் நோயாளிகளைக் கவனித்துப் பழகினாரா, மேடையில் தானாக வந்ததா, எதுவாக இருந்தாலும் அந்தக் கரகரப்பு பொய்யாக ஒலிக்கவில்லை.

அந்தப் படத்துக்குப் பிறகு சினிமா அவரை விடவில்லை. 'பாவ மன்னிப்பு', 'பலே பாண்டியா', 'பெரிய இடத்துப் பெண்' என்று 1960களில் வில்லனாகவும் நகைச்சுவை நடிகராகவும், பல சமயம் இரண்டும் சேர்ந்தவராகவும் நடித்தார். 1966 கடைசியில் எம்.ஜி.ஆருடன் நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா' வந்தது. அதையும் இயக்கியவர்கள் கிருஷ்ணன் – பஞ்சுதான். சில வாரங்களில், 1967 ஜனவரி 12ஆம் தேதி, ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். ராதாவும் குண்டுக் காயத்தோடு கிடந்தார். இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் பாய்ந்த குண்டால் எம்.ஜி.ஆரின் குரல் மாறிப்போனது. ராதாவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது, 1971இல் வெளியே வந்தார். நெருக்கடிநிலைக் காலத்தில் மிசாவிலும் உள்ளே போனார். சில படங்களில் நடித்தார். 1979 செப்டம்பர் 17ஆம் தேதி திருச்சியில் மஞ்சள் காமாலையால் இறந்தார். பெரியாரின் பிறந்த நாள் அது.

ராதா போய்விட்டார். அவர் நடித்த நோய் போகவில்லை. 1980களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதம், அல்லது ஒரு வருடம் மருந்து. மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் பரவுவது நின்றுவிடும். ஆனால் சட்டம் மருந்தைவிட மெதுவாக நடந்தது. படம் வந்த அடுத்த வருடம், 1955இல், இந்து திருமணச் சட்டம் வந்தது. விவாகரத்துக்கான காரணங்களில் தொழுநோயும் ஒன்றாக எழுதப்பட்டது. அது நீக்கப்பட்டது 2019இல். உலகில் ஒவ்வொரு வருடமும் கண்டறியப்படும் புதிய நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியாவில் இருக்கிறார்கள்.

இது ஊர்க்கதை மட்டும் அல்ல. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு மட்டக்களப்பு மாந்தீவு தெரிந்திருக்கும். நோயாளிகளை வைத்திருந்த தீவு. கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளை மருத்துவமனை ஒல்லாந்தர் காலத்தது. நாம் வாழும் இந்த நாட்டிலும் குவீன்ஸ்லாந்தின் பீல் தீவில் 1907 முதல் 1959 வரை நோயாளிகளை அடைத்து வைத்தார்கள். இதே சிட்னியில் லிட்டில் பே கடற்கரையில் இருந்த பழைய கோஸ்ட் மருத்துவமனையில் தனித் தொழுநோய் விடுதி இருந்தது. அங்கே இருந்தவர்களில் மோகனசுந்தரங்கள் எத்தனை பேர்? அவர்களில் பலர் ஏழைகள், அவ்வளவுதான்.

அதனால் 'ரத்தக்கண்ணீர்' பார்க்கவேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பாருங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். தமிழ் வசனம் எப்படிப் பேசவேண்டும் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல படம் குறைவு. காந்தா வீட்டில் மோகனுக்கு நோய் வரும் இடத்தில் மட்டும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இந்த நோய் இப்படி வராது, வந்தவர் எந்தத் தப்பும் செய்தவர் இல்லை, மருந்து இலவசமாகக் கிடைக்கிறது என்று சொல்லுங்கள். உடம்பில் உணர்ச்சியில்லாத வெளிறிய படை இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்றும் சொல்லுங்கள். பிறகு படத்தைத் தொடருங்கள். மிச்சத்தை ராதா பார்த்துக்கொள்வார்.