ஒரே சர்வரை நம்பாத இணையம்: ஐபிஎஃப்எஸ்-ன் ஜாவாஸ்கிரிப்ட் வடிவம் ஏன் முதலிலிருந்து எழுதப்பட்டது?

2024 அக்டோபரில், டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு ஆங்கில விக்கிபீடியாவில் ஒரு பக்கம் முடக்கப்பட்டது. விக்கிமீடியா மீது ஏ.என்.ஐ செய்தி நிறுவனம் தொடர்ந்த அவதூறு வழக்கைப் பற்றிய பக்கம் அது. 2025 மே 9-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பக்கத்தை நீங்கள் அங்கே படித்திருக்க முடியாது. ஏன்னா, அதைத் தாங்கி நின்றது ஒரே ஒரு தளம்.

ஐபிஎஃப்எஸ் என்ன செய்கிறது?

வழக்கமான இணைய முகவரி, கோப்பு 'எங்கே இருக்கு' என்று சொல்லும். 2015-ல் வெளியான ஐபிஎஃப்எஸ்-ல் முகவரி, 'உள்ளே என்ன இருக்கு' என்பதிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒரு எழுத்து மாறினாலும் முகவரி மாறிவிடும். நகல் வைத்திருக்கும் யாரும் அதை உங்களுக்கு அனுப்பலாம். 2017-ல் துருக்கி விக்கிபீடியாவை முடக்கியபோது, துருக்கி மொழிப் பதிப்பின் நகல் இதில் ஏற்றப்பட்டது.

சரி, ஜாவாஸ்கிரிப்ட் எதுக்கு?

இதன் முதன்மை மென்பொருள் 'கோ' மொழியில் இருக்கிறது. அதைத் தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்களிடம் இருப்பதோ வெறும் பிரவுசர். பிரேவ் பிரவுசர் 2021-ல் ஐபிஎஃப்எஸ் வசதியைச் சேர்த்து, 2024-ல் நீக்கிவிட்டது. ஆக, இணையப் பக்கத்துக்குள்ளேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வடிவம் தேவை.

சிக்கல் எங்கே?

பாதுகாப்புக் காரணங்களுக்காக, இணையப் பக்கங்கள் மற்ற கணினிகளோடு நேரடி டிசிபி இணைப்பு வைக்க பிரவுசர்கள் விடுவதில்லை. வெப்சாக்கெட், வெப்ஆர்டிசி போன்ற வழிகளில்தான் போக வேண்டும். இன்னொரு பக்கம், பழைய ஜேஎஸ்-ஐபிஎஃப்எஸ், கோ வடிவத்தில் இருந்த வசதிகளை எல்லாம் ஒரே தொகுப்பில் தர முயன்றது. ஒரு கோப்பைப் படிக்க மட்டும் நினைத்தவரும் மொத்த மூட்டையையும் சுமக்க வேண்டியிருந்தது.

என்ன முடிவெடுத்தார்கள்?

ஒட்டுப்போட்டுத் தொடர்வதைவிடப் புதிதாக எழுதுவதே மேல் என்று முடிவானது. 2023-ல் ஜேஎஸ்-ஐபிஎஃப்எஸ் கைவிடப்பட்டு, 'ஹீலியா' அதன் இடத்துக்கு வந்தது. சேமிப்பு, நெட்வொர்க், கோப்பு கையாளுதல் எல்லாம் இதில் தனித்தனிப் பகுதிகள். வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். திட்டமிடல் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி நடந்தது. ஆனால் இதற்கு விலையும் உண்டு: பழையதை நம்பிச் செயலி கட்டியவர்கள் தங்கள் கோடை மாற்றி எழுத வேண்டி வந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• ஏற்றிவிட்டால் நிரந்தரம் என்று நினைக்காதீங்க. யாராவது ஒருவர் நகலைத் தொடர்ந்து வைத்திருந்தால்தான் கோப்பு கிடைக்கும்.

• இது ரகசியப் பெட்டி அல்ல. முகவரி தெரிந்த யாரும் எடுக்கலாம். உங்கள் ஐபி முகவரியும் மற்ற கணினிகளுக்குத் தெரியும். ஆதார், சம்பள ரசீது எல்லாம் வேண்டாம்.

• சட்டம் இங்கேயும் பொருந்தும். நகல் வைத்திருப்பவர் நீங்கள் என்றால், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்களாக இருக்கலாம்.