சயான் கல் கொலைகள் - யாரைத் தேடுகிறோம்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிங்ஸ் சர்க்கிளில் எங்கள் கூட்டம் கூடும். செம்பூரிலிருந்து நான், மாட்டுங்கா மாமா ஒருவர், தாராவியிலிருந்து திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், இன்னும் இரண்டு மூன்று பேர். இட்லி, காபி, அப்புறம் உலக விவகாரம். இரண்டு வாரமாக ஓடிக்கொண்டிருப்பது கல் கொலைகள். பி.காம். படித்துவிட்டு பேங்கில் வவுச்சர் பார்க்கிறவனுக்கு எதற்கு இந்தத் துப்பறியும் வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் காபி குடிக்கிற இடத்தைச் சுற்றித்தான் எல்லாமே நடந்திருக்கிறது. விட மனசு வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1985இல் தொடங்கி சுமார் இரண்டு வருடங்களில் சயான், கிங்ஸ் சர்க்கிள் பகுதிகளில் ஃபுட்பாத்தில் தூங்கிய 12 பேர் கொல்லப்பட்டார்கள். முறை எப்போதும் ஒன்றுதான். ஆள் நடமாட்டம் இல்லாத இடம், தனியாகப் படுத்திருக்கும் ஆள், தலையில் ஒரு பெரிய கல். கல்லின் எடை 30 கிலோ வரை இருந்ததாகச் செய்திகள் சொல்லின. வீடில்லாத ஓட்டல் வெயிட்டர் ஒருவர் மட்டும் தப்பித்தார். மங்கலான வெளிச்சத்தில் அவரால் தாக்கியவன் முகத்தைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. பிறகு கொலைகள் தானாக நின்றுவிட்டன. யாரும் பிடிபடவில்லை.

1989 ஜூனில் கல்கத்தாவில் இதே மாதிரி ஆரம்பித்தது. ஆறு மாதத்தில் 13 பேர். அங்கே பத்திரிகைகள் வைத்த பெயர்தான் 'ஸ்டோன்மேன்'. அந்த வழக்கிலும் இன்றுவரை விடை இல்லை.

சரி, எங்கள் விவாதத்துக்கு வருவோம்.

முதல் கட்சி, "ராமன் ராகவ்தான் சார்" என்கிற கட்சி. பம்பாயில் பலர் இன்னும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ராமன் ராகவ் நம் ஆள்தான், தமிழன். சிந்தி தல்வாய், அண்ணா, தம்பி, வேலுச்சாமி என்று ஏகப்பட்ட பெயர்கள். 1965-66இலும் 1968இலும் நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கியவர்களைக் கொன்றான். முதல் தடவை போலீஸ் அவனைப் பிடித்து, ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது. ரமாகாந்த் குல்கர்னி தலைமையில் தேடியபோது 1968 ஆகஸ்ட் 27 அன்று சப்-இன்ஸ்பெக்டர் அலெக்ஸ் ஃபியாலோ பிடித்தார். அதற்கப்புறம் அவன் வெளியே வரவேயில்லை. சயானில் கல் விழுந்த காலத்தில் அவன் கைதி. 1995இல் கைதியாகவே செத்தான். ஆக, இந்தக் கட்சி டெபாசிட் காலி.

இரண்டாவது, மாமா கட்சி. "இங்க நின்னு போச்சு, அங்க ஆரம்பிச்சது. ஒரே ஆள் ரயில் ஏறிட்டான், அவ்வளவுதான்!" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல் என்பது துப்பாக்கி இல்லையே. எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும், காசில்லாமல் கிடைக்கிற ஆயுதம். பம்பாய் செய்தியைப் படித்த வேறொருவன் செய்திருக்கலாம். ஒரே ஆள் என்பதற்கு முறை ஒத்துப்போகிறது என்பதைத் தவிர வேறு ஆதாரம் எதுவும் வெளிவரவில்லை.

மூன்றாவது, என் கட்சி. 12 கொலையும் ஒரே ஆள் செய்ததுதானா? 1987இல் மாட்டுங்காவில் குப்பை பொறுக்குகிற ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்தார்கள். தொடர்பு நிரூபணமாகவில்லை. பீதி வந்துவிட்டால் எல்லாக் கொலையும் ஒரே ஆள் பற்றில்தான் எழுதப்படும்.

இங்கேதான் நான் லண்டனை இழுத்தேன். 1888இல் வைட்சேப்பலில் நடந்த 'ஜாக் தி ரிப்பர்' கொலைகள். அங்கேயும் போலீஸ் கோப்பில் மொத்தம் 11 கொலைகள். அதில் 5தான் ஒரே ஆள் செய்தது என்று பொதுவாக ஒத்துக்கொள்கிறார்கள். 1894இல் மெல்வில் மக்னாட்டன் என்ற போலீஸ் அதிகாரி மூன்று பேர்மேல் சந்தேகம் என்று குறிப்பு எழுதினார். வங்காளத்தில் அப்பாவின் எஸ்டேட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு போலீசுக்குப் போனவர். அவர் முதலில் எழுதிய பெயர் ட்ரூயிட். 41 வயது டாக்டர் என்று எழுதியிருந்தார். உண்மையில் அவர் 31 வயது வக்கீல், பள்ளி ஆசிரியரும்கூட. போலீஸ் அதிகாரியே இப்படி என்றால், காபி கிளப் துப்பறிவாளர்கள் எம்மாத்திரம்!

நான் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போக, அதுவரை வாயே திறக்காத அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், கல்லப் போட்டவன் யாருன்னு ரெண்டு வாரமாப் பேசுதோம். செத்தவங்கள்ல ஒருத்தர் பேரச் சொல்லுங்க பாப்போம்."

யாருக்கும் தெரியவில்லை.

"எங்க சித்தப்பா ஒருத்தர் 1984ல பம்பாய் வந்தாரு. சயான் பக்கம் கூலி வேலை, ராத்திரி ஃபுட்பாத்துல படுக்கை. மாசாமாசம் தாத்தாவுக்கு மணியார்டர் வரும். 1986 தீவாளிக்குப் பொறவு வரல. தாத்தா சாவுற வரைக்கும் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்கு வந்து நிப்பாரு. அவரு கல்லாலதான் செத்தாருன்னு நான் சொல்லல சார். இல்லன்னு சொல்லவும் ஆளில்ல, பாத்தியளா?"

அப்புறம் அன்றைக்கு விவாதம் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து லண்டன் வழக்கை மறுபடி படித்தேன், இந்தத் தடவை செத்தவர்கள் பக்கத்திலிருந்து. மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி. ஐந்து பேருக்கும் பெயர் இருக்கிறது. நிக்கல்ஸ் யாரென்று தெரிந்தது எப்படி தெரியுமா? அவர் பாவாடையில் லாம்பெத் ஏழைகள் விடுதியின் முத்திரை இருந்தது. அதை வைத்து விசாரித்து அன்றைக்கே பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஹாலி ரூபன்ஹோல்ட் 2019இல் இந்த ஐந்து பேரின் வாழ்க்கையை மட்டும் தனிப் புத்தகமாக எழுதினார். இவர்களில் பெரும்பாலோர் போக்கிடம் இல்லாமல் தெருவில் படுத்திருந்தபோது கொல்லப்பட்டிருக்கலாம் என்பது அவர் வாதம். சயான் மாதிரியேதான்.

சயானில் செத்தவர்களுக்கு அந்த முத்திரைகூட இல்லை. பெரும்பாலோர் யாரென்றே தெரியவில்லை. கொலை விசாரணை செத்தவரிடமிருந்துதான் தொடங்கும். கடைசியாக யாரோடு இருந்தார், யாருக்கு விரோதி, கையில் காசு இருந்ததா என்று கேட்பார்கள். பெயரே தெரியாதபோது யாரிடம் போய் இதைக் கேட்பது? பொழுது விடிந்து ஆள் வரவில்லையே என்று ஸ்டேஷனுக்கு ஓடி வரவும் யாருமில்லை. கொலைகாரனின் சாமர்த்தியம் என்று நாம் பேசுவதில் பாதி, செத்தவருக்கு விலாசம் இல்லாததுதான்.

இதில் இன்னொன்று. கொலைகள் தொடங்கிய அதே 1985, ஜூலை 10 அன்று சுப்ரீம் கோர்ட் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு. மனுதாரர்களில் சேலத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளி ஒருவரும் உண்டு. பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது கோர்ட். கூடவே, நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை, மழைக்காலம் முடிந்தபின் அப்புறப்படுத்தலாம் என்றும் சொன்னது. பம்பாயில் அவர்கள் உயிரோடு இருந்ததற்கு எழுத்தில் ஒரு சாட்சி வேண்டுமென்றால் இந்தத் தீர்ப்பைத்தான் காட்ட வேண்டும். அதுவும் காலி பண்ணச் சொல்கிற காகிதம்.

பேங்கில் ஒரு தொகை யாருடையது என்று தெரியாவிட்டால் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். ஆள் தெரிகிறவரை அந்த என்ட்ரி தீராது. மேலதிகாரி மாதாமாதம் கேட்டுக் குடைவார். இந்தப் பன்னிரண்டு என்ட்ரியும் நாற்பது வருஷமாக அப்படியே கிடக்கின்றன. குடைவதற்குத்தான் ஆளில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணாச்சியிடம் அவர் சித்தப்பாவின் பெயரைக் கேட்டு, ஊர், வயது, கடைசி மணியார்டர் வந்த மாதம் எல்லாவற்றையும் ஒரு டைரியில் எழுதிக்கொண்டேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று தெரியவில்லை. அண்ணாச்சி ஸ்பெல்லிங் சரியா என்று இரண்டு தடவை பார்த்தார்.