1202: நிலாவுக்கு மேல வந்த ஒரு ஷெட்யூலர் லாக்

1969 ஜூலை 20. நிலாவுக்கு மேல சுமார் 33,000 அடி உயரத்துல ஈகிள் இறங்கிக்கிட்டு இருக்கு. கம்ப்யூட்டர்ல திடீர்னு ஒரு நம்பர்: 1202. ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின் ரெண்டு பேருக்குமே அது என்னன்னு தெரியல.

நம்ம பாஷையில அது ஒரு ஷெட்யூலர் லாக். அப்போலோ கம்ப்யூட்டர்ல எந்த வேலை முதல்ல ஓடணும்னு முடிவு பண்றது ஹால் லேனிங் வடிவமைச்ச 'எக்ஸிக்யூட்டிவ்'. ஒவ்வொரு வேலைக்கும் 'கோர் செட்'னு ஒரு சின்ன மெமரித் துண்டு வேணும். ஈகிள்ல இருந்தது மொத்தம் 8. புது வேலை வரும்போது எட்டுல ஒண்ணுகூட காலியா இல்லைன்னா, 1202.

ஆனா உண்மையான பற்றாக்குறை மெமரி இல்லைங்க, நேரம். இறங்குறதுக்குத் தேவையே இல்லாத இன்னொரு ரேடார், அர்த்தமில்லாத சிக்னலா அனுப்பி கம்ப்யூட்டரோட நேரத்துல கிட்டத்தட்ட 13 சதவீதத்தைத் தின்னுக்கிட்டு இருந்தது. 2 விநாடிக்கு ஒரு தடவை தொடங்குற வழிகாட்டும் வேலை முடியறதுக்குள்ள அடுத்தது வந்து நின்னுது. ஒவ்வொண்ணும் ஒரு கோர் செட்டைப் பிடிச்சுக்கிச்சு. ஹோட்டல் வாசல்ல 'டேபிள் காலி இல்லை'ன்னு சொல்வாங்க. உள்ளே போய்ப் பார்த்தா தோசை மாஸ்டர் ஒருத்தர்தான் இருப்பார். அதே கதை.

ஹூஸ்டன்ல இதைப் புரிஞ்சுக்கிட்டவர் 24 வயசு ஜாக் கார்மன். கொஞ்ச நாள் முன்னாடி ஒத்திகையில இதே மாதிரி ஒரு அலாரம் வந்தப்ப, தேவையில்லாம தரையிறக்கத்தையே கைவிடச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு அலாரத்துக்கும் என்ன அர்த்தம், என்ன செய்யணும்னு கார்மன் கையால எழுதி வச்சிருந்தார். விடாம வந்துக்கிட்டே இருந்தாத்தான் ஆபத்துன்னு அவருக்குத் தெரியும். அவர் சொன்னதை வச்சு, 26 வயசு ஸ்டீவ் பேல்ஸ் 'கோ' கொடுத்தார். கம்ப்யூட்டரும் தானா ரீஸ்டார்ட் ஆகி, முக்கியமான வேலைகளை மட்டும் தொடர்ந்தது. 1202 நாலு தடவை, 1201 ஒரு தடவை. அப்படியும் இறங்கிட்டாங்க.

அந்த ரீஸ்டார்ட்டைத்தான் எல்லாரும் கொண்டாடறாங்க. எனக்கு அந்தத் தாள்தான் ஹீரோ.

2015-ல வெர்ஷன் 1.0 வந்த குபர்நெட்டீஸ்லயும் ஆரம்பத்துல இதே நிலைமைதான். ஒரு பாட் ஓட இடமில்லைன்னா 'பாட்ஃபிட்ஸ்ரிசோர்சஸ்'னு ஒரு பேர் வந்து நிக்கும். இன்னொரு 1202! இப்ப எத்தனை நோட்ல சிபியு பத்தலை, எத்தனைல மெமரி பத்தலைன்னு எண்ணியே சொல்லுது. ஆனா அது போடற கணக்கு நாம கேட்டு வச்ச ரிக்வெஸ்ட்டை வச்சுதான், நிஜமா செலவாகிறதை வச்சு இல்லை. அதனாலதான் கிராஃப்ல சும்மா தூங்குற நோட்லகூட 'சிபியு பத்தலை'ன்னு வரும். அந்த இடத்தை யார் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு அந்த மெசேஜ்ல இருக்காது. அதுக்கு இன்னிக்கும் நாமதான் நோட் நோடா டிஸ்க்ரைப் பண்ணிப் பார்க்கணும்.