வாடகை தரும் சரித்திரம்

வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பதை நம் முன்னோர்கள் வியாபாரமாக நினைக்கவில்லை, புண்ணியமாக நினைத்தார்கள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேசுவரம் போகும் பாதையில் சத்திரங்கள் கட்டினார்கள். சரபோஜி மன்னர் தம் அன்புக்குரிய முத்தாம்பாளின் பெயரால் ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரம் அவற்றுள் பெயர் பெற்றது. வந்தவர்களுக்கு அங்கே சோறு உண்டு. படுக்க இடம் உண்டு. நோய் கண்டால் வைத்தியமும் உண்டு. பில் மட்டும் கிடையாது! அக்காலத்துச் சத்திரங்களில் சாதி வேற்றுமை பார்த்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சத்திரத்துச் சோற்றுக்கு யாரும் விலை வைக்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு உபசாரம் செய்யும் ஹோட்டல் என்பது வெள்ளைக்காரர்களோடு வந்தது. சென்னையில் அந்த வம்சத்தின் மூத்த பிள்ளை இன்றும் இருக்கிறது. மவுண்ட் ரோடு என்று நாம் அழைத்து வந்த அண்ணா சாலையிலிருந்து பின்னி ரோட்டில் திரும்பினால் கன்னிமாரா ஹோட்டல்.

பெயரைக் கேட்டால், ஏரிக்கரையில் ஏழு கல் நட்டுப் பொங்கல் வைக்கிறோமே, அந்தக் கன்னிமார்களுக்குச் சொந்தமோ என்று தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு பிரதேசத்தின் பெயர் அது. அதைப் பட்டப் பெயராகக் கொண்ட ராபர்ட் பர்க் என்ற பிரபு 1886 முதல் 1890 வரை சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்தார். அதற்கு வெகு காலம் முன்பே, 1854-இல், ரத்தினவேலு முதலியார் என்ற தமிழர் அங்கே இம்பீரியல் ஹோட்டலைத் தொடங்கியிருந்தார். பிற்பாடு அது ஆல்பனி ஆயிற்று. 1890-இல் கன்னிமாரா ஆயிற்று. மறு வருஷமே ஸ்பென்ஸர் கம்பெனியின் யூஜீன் ஓக்ஷாட் அதை வாங்கினார். முதல் போட்ட முதலியாரின் பெயர் வாசலில் இல்லை. நான்கு வருஷம் ஆண்டுவிட்டுப் போன பிரபுவின் பெயர்தான் நின்றது.

அவராவது பெரும் புகழோடு போனாரா என்றால், அதுவும் இல்லை. அவருடைய மனைவி சூஸன் சீமாட்டி, கணவரின் நடத்தை பொறுக்காமல் கவர்னர் மாளிகையை விட்டு வெளியேறி இந்த ஹோட்டலில்தான் வந்து தங்கினார் என்று ஒரு பேச்சு உண்டு. 1890-இல் லண்டன் நீதிமன்றத்தில் விவாகரத்தும் பெற்றார். அந்த வருஷமே கவர்னர் பதவியிலிருந்து விலகினார். சீமாட்டி யாருடைய மகள் தெரியுமா? வாரிசு இல்லாத சமஸ்தானங்களையெல்லாம் கம்பெனிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாரே, அந்த டல்ஹௌஸி பிரபுவின் மகள்! சத்திரங்கள் கட்டிய தஞ்சை அரச வம்சத்தின் பட்டம் 1855-இல் மறைந்தது அவருடைய ஆட்சியில்தான். தகப்பனார் சத்திரத்துச் சொந்தக்காரர்களின் ராஜ்யத்தை முடித்து வைத்தார். மகள் ஹோட்டலில் அடைக்கலம் புகுந்தார். சரித்திரம் சில சமயம் நாவலாசிரியர்களுக்கு வேலை வைப்பதில்லை.

கன்னிமாராவைக் காலந்தோறும் திருத்திக் கட்டி வந்திருக்கிறார்கள். 1937-இல் அக்காலத்துப் புது மோஸ்தரான 'ஆர்ட் டெக்கோ' பாணியில் உருமாறித் திறந்தது. 1970-களில் இலங்கையின் புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அதை மாற்றி அமைத்தார். பிறகு தாஜ் நிறுவனத்தின் கைக்கு வந்தது. கடைசியாக 2018-இல், நீண்ட புதுப்பிப்பு வேலைக்குப் பிறகு, மறுபடியும் கதவைத் திறந்தது. ஆகவே அங்கே ஓர் இரவு தங்குகிறவர் 1854-இல் தங்குவதில்லை, 1890-லும் தங்குவதில்லை. பழைய பெயரின் நிழலில், புதிய குளிர்சாதனக் காற்றில் தூங்குகிறார். இதை மோசடி என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாறாமலே இருந்திருந்தால் அந்தக் கட்டிடம் பிழைத்திருக்காது. பக்கத்திலேயே 1895-இல் கம்பீரமாக எழுந்த ஸ்பென்ஸர் கடை தீக்கு இரையாகி, அந்த இடத்தில் வேறொரு கட்டிடம் நிற்கிறதே!

பம்பாயில் வாட்ஸன் ஹோட்டல் கதையைப் பாருங்கள். இரும்புச் சட்டங்களை இங்கிலாந்தில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்து பூட்டிய கட்டிடம் அது. 1896-இல் லூமியேர் சகோதரர்களின் சினிமாவை இந்தியா முதன்முதல் பார்த்தது அங்கேதான். ஹோட்டல் தொழில் நின்றது. கட்டிடம் நாளடைவில் அறை அறையாகப் பிரிந்து, பராமரிப்பார் இன்றி இடிந்தது. 2019-இல் அங்கிருந்தவர்களை வெளியேற்ற வேண்டி வந்தது. சினிமா பிறந்த வீடு என்ற பெருமை ஒரு தூணைக்கூடத் தாங்கவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. வாடகை சம்பாதிக்கும் சரித்திரத்துக்கு வெள்ளை அடிக்க ஆள் கிடைக்கிறது. சம்பாதிக்காத சரித்திரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. புண்ணியத்துக்குக் கட்டிய ஒரத்தநாட்டுச் சத்திரம் எத்தனையோ காலம் சிதிலமாக நின்றது.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்று அறிய விரும்புகிறவர்கள் தர்மபுரிச் சீமையில் உள்ள பாப்பாரப்பட்டிக்குப் போக வேண்டும். வ.உ.சி.யோடு 1908-இல் தண்டனை பெற்றுச் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோயைப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தார். நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக் கூடாது என்றது சர்க்கார். அவர் கால் நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, பாரத மாதாவுக்கு ஓர் ஆலயம் கட்ட எண்ணினார். 1923-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ஆம் தேதி, ஆலயத்தைக் காணாமலே, நாற்பதாவது வயதில் சிவா அந்த ஊரிலேயே கண் மூடினார். அடிக்கல் மட்டும் நின்றது. ஏறத்தாழ நூறு வருஷம் சென்ற பிறகுதான் தமிழக அரசு அங்கே பாரத மாதா நினைவாலயத்தைக் கட்டி முடித்தது.

அந்த நூறு வருஷத்துக்குள் கன்னிமாரா எத்தனை முறை சட்டை மாற்றிக்கொண்டது என்று எண்ணிப் பாருங்கள். ஹோட்டல்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. தங்கள் சொத்தை அவர்கள் பேணுகிறார்கள். நம் சொத்தைப் பேண வேண்டியவர்கள் நாம். கையில் பணம் உள்ளவர்கள் கன்னிமாராவில் ஓர் இரவு தங்கட்டும், முதலியாரையும் நினைத்துக்கொள்ளட்டும். அந்த அறை வாடகையில் ஒரு சிறு பங்கு இருந்தால் போதும், குடும்பத்தோடு பஸ் ஏறிப் பாப்பாரப்பட்டிக்குப் போய் வந்துவிடலாம். பத்துப் பேர் வந்து போகும் இடத்தை யாரும் சுலபத்தில் இடிய விடமாட்டார்கள்.