கமராவும் தோலுறையும்

கமராவுக்கு உறை தெரிவு செய்வோர் அதன் தடிப்பையே முதலில் பார்ப்பர். பத்திரிகையாளனாகிய நான் பார்ப்பது, அது திறபடும் வேகத்தை. வீதியில் நிகழும் சம்பவம் நாம் பொத்தான் கழற்றும்வரை காத்திருப்பதில்லை.

இந்தச் சிக்கல் பழையது. ஒஸ்கார் பார்னக் வடிவமைத்த லைக்கா, 1925 இல் ஜேர்மனியின் லைப்சிக் சந்தையில் அறிமுகமாயிற்று. 1930களில் அத்தகைய சிறு கமராக்களுக்கென 'எப்போதும் தயார்' எனப்பட்ட தோலுறைகள் பரவின. முன்மூடியைக் கீழே தொங்கவிட்டு, கமராவை வெளியே எடுக்காமலே படம் பிடிக்கலாம். ஆனால் லைக்காவுக்குப் பிலிம் ஏற்றுவது அடிப்பக்கத்தால். பிலிம் மாற்றுவதென்றால் திருகாணியைக் கழற்றி உறையை முழுதாக அகற்றவேண்டும். 36 படங்களோடு அந்தத் 'தயார்' முடிந்துவிடும்!

1979 இல் யப்பானின் ஒலிம்பஸ் நிறுவனத்து வடிவமைப்பாளர் யொஷிஹிஸா மைத்தானி உறையையே ஒழித்தார். அவரது எக்ஸ்.ஏ. கமராவில் நகரும் மூடியொன்றே வில்லையைக் காத்தது; அதைத் தள்ளித் திறந்தால் கமரா ஆயத்தம். என் பார்வையில், சிறு கமராவுக்கு வாய்த்த ஆகச்சிறந்த உறை அதுவே.

கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற கரையோர நகரங்களில் வேறொரு பகையும் உண்டு. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மாதக்கணக்கில் அதற்குள் கிடக்கும் கமராவின் வில்லையில் பூஞ்சணம் படர்ந்து, கண்ணாடிமேற் பூச்சை அரித்துவிடும். துடைத்தாலும் வடு நிற்கும். ஆகவே தோலுறை பயணத்துக்கு மட்டும். வீட்டில் கமராவை வெளியே எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள்.