நீர் கலந்த கோப்பை: யவனர் மதுவும் கப்பற்படைச் சாராயமும்

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைக்கப்பட்டு, தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதி அதனுடன் இணைக்கப்பட்ட பின்னரே மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்கள் புதுக்கோட்டைக்கு உரியவையாயின. எனினும், பண்டைய கடல் வாணிகம் தென்னாட்டில் விட்டுச்சென்ற தடயங்களுள் தலையாய ஒன்று, கடலைக் காணாத அந்த உள்நாட்டிலேயே கிடைத்தது. 1898-இல் ஆலங்குடி வட்டத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாக வெளிப்பட்டன. அகஸ்டஸ் காலம் முதல் வெஸ்பாசியன் காலம் வரை வெளியிடப்பட்ட, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 முதல் 8 கிராம் எடையுள்ள அக்காசுகளுள் மிகப் பலவற்றில், பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியது போன்ற ஆழமான கீறல் ஒன்று உண்டு. நாணயமாக அவை மீண்டும் புழங்காதபடி இங்கேயே யாரோ அவ்வாறு வெட்டியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

முத்துக்கும் மிளகுக்கும் துணிக்கும் விலையாக அப்பொன் வந்த அதே கப்பல்களில்தான் யவனர் மதுவும் வந்தது. பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டு, நல்ல கலங்களில் யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைக் குறிப்பிடுகிறது. அத்தேறலை ஏற்றிவந்த கலனை ‘ஆம்போரா’ என்பர். கழுத்தின் இருபுறமும் பிடியும், கூம்பிய அடியும் கொண்ட இச்சுடுமண் சாடி தரையில் தானாக நிற்காது. ஆனால் கப்பலின் அடித்தட்டில் வரிசை வரிசையாகச் செருகி அடுக்குவதற்கு அந்தக் கூர் அடியே வசதியானது. மது கசியாமலிருக்க உட்புறம் மரப்பிசின் பூசப்பட்டது. புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டிலும், வைகை முகத்துவாரத்து அழகன்குளத்திலும் இச்சாடிகளின் உடைசல்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட கடற்கரையில்தான் இன்றைய மணமேல்குடியும் ஜெகதாப்பட்டினமும் உள்ளன.

இம்மதுவை யவனர் அப்படியே பருகவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. நீர் கலவாத மதுவைக் குடிப்பது பண்பற்றோர் செயல் என்பது கிரேக்கர், ரோமானியர் இருவரின் எண்ணமாகவும் இருந்தது. பாய் விரிக்கும் முன் கோப்பையிலிருந்து சிறிது மதுவைக் கடலுக்கு வார்த்துத் தெய்வங்களை வேண்டுவதும் அவர்கள் வழக்கம். கி.மு. 415-இல் ஏதென்ஸின் பெரும்படை சிசிலித் தீவுக்குப் புறப்பட்டபோது பொன், வெள்ளிக் கோப்பைகளால் இச்சடங்கு நிகழ்ந்ததை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் பதிவுசெய்துள்ளார்.

தமிழகத்துக் கடலோடிகளின் குடியும் வழிபாட்டோடு பிணைந்ததே. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை காட்டும் பரதவர், முழுநிலா நாளில் வலையெடுக்காமல் ஓய்ந்திருந்து, சினைச் சுறாவின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வத்தை நிறுத்தி வணங்கி, பனங்கள்ளை அருந்தி ஆடுகின்றனர். கடலில் இறங்காத நாளுக்கே கள் என்ற ஒழுங்கு இக்காட்சியில் புலப்படுகிறது. கரைக்கு நாள்தோறும் திரும்பும் மீனவருக்கு அவ்வொழுங்கு இயல்வதே. மாதக்கணக்கில் கரை காணாத நெடுங்கடல் மாலுமியின் நிலை வேறு. மரப்பீப்பாயில் அடைத்த குடிநீர் சில வாரங்களில் பாசி படிந்து நாறும், பீர் புளிக்கும், வடித்த சாராயம் ஒன்றே கெடாது. ஐரோப்பியக் கப்பல்களில் சாராயம் உணவுப் பங்கீட்டின் பகுதியாக ஆனதற்கு முதற்காரணம் இதுவே.

கிழக்குக் கடலில் அப்பங்கீட்டை நிரப்பியதில் பெரும் பங்கு தென்னை, பனை முதலியவற்றுக்கு உண்டு. பாளையைச் சீவிச் சொட்டுச் சொட்டாக இறக்கிய கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயத்தை, வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த ‘அரக்’ என்ற பெயரால் ஐரோப்பியர் அழைத்தனர். கொதிகலத்தின் மேல்மூடியில் வியர்த்து வடிவதால் அமைந்த பெயர் அது. 1731-இல் வெளியான பிரிட்டிஷ் கடற்படை விதிமுறை, அயற்கடலில் ஒரு காலன் பீருக்கு ஈடாக அரை பைண்ட் பிராந்தி, ரம் அல்லது அரக் வழங்க இடமளித்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சென்னைக்குத் துறைமுகம் இல்லாததால், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, அவற்றுக்கு வேண்டிய சரக்கை, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் ஏற்றி, நம் கடலோர மக்கள்தாம் அலைகளைத் தாண்டிக் கொண்டு சேர்த்தனர். சாராயத்தோடு சர்க்கரை, எலுமிச்சை, நீர், நறுமணப்பொருள் ஆகியவை சேர்ந்த ‘பஞ்ச்’ என்னும் பானம் 1632-ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதம் ஒன்றிலேயே இடம்பெறுகிறது. ஐந்தைக் குறிக்கும் ‘பஞ்ச’ என்பதே அதன் மூலம் எனப் பலர் கொள்வர்.

யவனர் விருப்பத்தால் செய்த கலவையைப் பிரிட்டிஷ் கடற்படை கட்டளையால் செய்தது. மேற்கிந்தியத் தீவுக் கடலில் தலைமை வகித்த துணை அட்மிரல் எட்வர்ட் வெர்னன், தன் ஆட்கள் அரை பைண்ட் ரம்மை ஒரே மூச்சில் குடித்து நிலைதடுமாறுவதைக் கண்டு, அதனுடன் ஒரு குவார்ட், அதாவது நான்கு மடங்கு, நீர் கலந்து நாளைக்கு இருவேளையாகப் பிரித்து வழங்குமாறு 1740 ஆகஸ்ட் 21 அன்று ஆணையிட்டார். ‘குரோகிராம்’ என்னும் முரட்டுத் துணியில் தைத்த மேலங்கியை அவர் அணிந்ததால் ‘பழைய குரோக்’ எனப் பெயர்பெற்றிருந்தார். அப்பெயரே நீர் கலந்த ரம்முக்கும் நிலைத்தது. அளவு 1824-இலும் 1850-இலும் பாதி பாதியாகக் குறைந்து, 1970 ஜூலை 31 அன்று பங்கீடு முற்றிலும் நின்றது.

அதிகாரிகளின் விருந்துமேசையிலோ கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்லும் முறை தொடர்ந்தது. அரசருக்கான வாழ்த்தை எழுந்து நின்று கூறுவது பொது வழக்கமாயினும், தாழ்ந்த மேல்தட்டு உத்திரத்தில் தலை இடிக்கும் என்பதால் கடற்படையினர் அமர்ந்தவாறே கூறினர் என்பது மரபுவழி விளக்கம். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாழ்த்து உண்டு. ஞாயிறன்று உடன் இல்லாத நண்பர்களை நினைப்பர். வியாழனன்று கொடும்போரோ கொள்ளைநோயோ வருக என்பர். மேலுள்ளவர் இறந்தாலன்றிக் கீழுள்ளவருக்குப் பதவி உயர்வில்லை என்ற நிலையில் பிறந்த அவ்வாழ்த்து, கப்பல் வாழ்வின் கொடுமையை எந்த ஆவணத்தையும்விடத் தெளிவாக உரைக்கிறது. சனிக்கிழமைக்குரிய ‘மனைவியரும் காதலியரும்’ என்பது, பெண்களும் கப்பலில் பணியாற்றும் காலம் வந்தபின், 2013-இல் ‘நம் குடும்பங்கள்’ என மாற்றப்பட்டது.

புதுக்கப்பலை நீரில் இறக்கும்போது மேற்குலகில் அதன் முகப்பில் மதுப்புட்டியை மோதி உடைப்பர். இந்தியக் கடற்படை தேங்காய் உடைக்கிறது. நாகூர் ஆண்டவரை வேண்டிப் பயணம் தொடங்கும் மரைக்காயர் மரபிலோ மதுவுக்கு இடமே இல்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் 61 நாள் தடைக்காலத்தில் கரையேற்றிப் பழுதுநீக்கி வண்ணம் பூசிய விசைப்படகுகளுக்கு ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் மீனவர் பூசையிடும்போது, படகின் முன்பகுதியாகிய அணியத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டுத் தேங்காய் உடைக்கின்றனர். உடைந்த மூடியிலிருந்து தெறிக்கும் நீர், புது வண்ணத்தின்மீது வழிந்து இறங்கிக் கடல்நீரில் கலக்கிறது.